தகரப் பேணி எனும் பழி

கார் வாங்க நாலு தமிழர் சேர்ந்து போனால் மூன்று பேர் கதவைத் தட்டிப் பார்ப்பார்கள். நாலாமவர் பெருவிரலால் கதவின் நடுவில் அழுத்திப் பார்ப்பார். போன மாசியில் ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட்டில், சென்டர் சிட் கடைத்தொகுதிப் பக்கம், காலடியில் பனி நொறுங்க நின்றபடி இதைத்தான் மறுபடியும் பார்த்தேன். விற்க வந்தது ஆறு வயதான ஒரு சின்னக் கார். வாங்க வந்தவர் என் சினேகிதர். கூட வந்திருந்த அண்ணை ஒருவர் கையுறையைக் கழற்றிவிட்டு, கதவில் பெருவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். தகடு உள்ளே போய் டொக்கென்று திரும்பி வந்தது.

“உது தகரப் பேணி. எங்கட ஏ ஃபோட்டியில இப்பிடி அமத்தியிருந்தா விரல்தான் முறிஞ்சிருக்கும்.”

அத்தோடு பேரம் முடிந்தது. சினேகிதர் வாங்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அண்ணை வயதில் மூத்தவர். குளிர் பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகை. உலோகவியல் பேச அது இடமுமில்லை. ஆனால் உருக்குத் தகட்டை இழுத்து முறித்துப் பார்ப்பதையே சில வருடங்கள் வேலையாகச் செய்தவன் என்ற முறையில், அன்று விழுங்கியதை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்தத் தீர்ப்பு பிழை. விரல் அழுத்தியதற்கும் விபத்தில் உயிர் தப்புவதற்கும் கிட்டத்தட்டத் தொடர்பே இல்லை.

இது ஒரு அண்ணையின் தனிக் கருத்து என்றால் விட்டுவிடலாம். பழைய கார் இரும்பு, புதுக் கார் தகரம் என்பது இன்று யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் ஒஸ்லோவிலும் ஒரே குரலில் சொல்லப்படுகிறது. சென்னையில் அதற்கு ‘பில்ட் குவாலிட்டி’ என்று பெயர். கதவைச் சாத்தும்போது ‘தட்’ என்று கனமாகக் கேட்டால் நல்ல வண்டி, ‘டப்’ என்று கேட்டால் தகர டப்பா. இதற்கென்றே காணொளி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பானட்டின் மேல் ஏறி உட்கார்ந்து காட்டுகிறவர்களும் உண்டு.

முதலில் ஏ ஃபோட்டிக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் ஆகியவற்றை யாழ்ப்பாணம் காப்பாற்றிய கதை சாதாரணமானதில்லை. தொண்ணூறுகளில் பெற்றோல் வராத நாட்களில் அவை மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ரார்ட் பண்ண மட்டும் சொட்டுப் பெற்றோல். கலியாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவைதான். அந்தக் காருக்கு மேல் ஒருவர் வைத்திருக்கும் பற்றை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் அது ‘கனமான கார்’ என்பது எங்கிருந்து வந்தது? ஏ40 சோமசெட் கிட்டத்தட்ட ஒரு தொன். மொறிஸ் மைனர் எண்ணூறு கிலோவுக்கும் குறைவு. மொறிஸ் ஒக்ஸ்போர்டின் இந்தியத் தம்பியான அம்பாசிடர், 2014 வரை உத்தர்பாராவில் உருண்டு வந்தது, 1,100 கிலோவை ஒட்டித்தான். இன்றைக்கு ஒஸ்லோத் தெருவில் நிற்கும் ஒரு ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் 1,300 கிலோ. அண்ணை இகழும் தகரப் பேணி அவர் புகழும் இரும்பைவிடக் கனமானது.

அந்தக் கார்கள் யாழ்ப்பாணத்தில் எழுபது வருடம் வாழ்ந்ததற்குக் காரணம் அவற்றின் உருக்கு பலமானது என்பதாக நாங்கள் எண்ணிக்கொண்டோம். உண்மை நேர்மாறு. அந்த உருக்கு மென்மையானது. இழுத்தால் 300 மெகாபாஸ்கல் அளவில் அறுந்துவிடும் மெல்லுருக்கு. அதனால்தான் எந்த ஊர் ரிங்கரும் ஒரு மரச் சுத்தியலும் காஸ் விளக்கும் வைத்து நெளிந்த மட்கார்டை மாலைக்குள் நிமிர்த்தித் தர முடிந்தது. நெளிந்தால் நிமிர்த்தலாம், சூடாக்கினாலும் பெரிதாக எதுவும் கெட்டுவிடாது. வாழ்நாள் நீண்டது மென்மையால். அதைப் பலம் என்று பெயர் மாற்றி அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவிட்டோம்.

இனி விரலுக்கு வருவோம்.

தகடு விரலுக்கு வளைந்து கொடுப்பதைத் தீர்மானிப்பவை இரண்டு. ஒன்று, உருக்கின் மீள்தன்மைக் குணகம். உருக்குக் குடும்பத்தின் விந்தைகளில் இதுவும் ஒன்று: மெல்லுருக்கானாலும் அதைவிட ஐந்து மடங்கு பலமான உருக்கானாலும் இந்தக் குணகம் 200 கிகாபாஸ்கலுக்குச் சற்று மேலேதான் நிற்கும். எந்தச் சூட்டுச் சிகிச்சையாலும் அதைக் குறிப்பிடும்படி அசைக்க முடியாது. இரண்டாவது, தடிப்பு. அதுவும் நேராக வராது, மும்மடியாக வரும். 0.8 மில்லிமீட்டர் தகட்டை 0.65 ஆக்கினால் வளைவுக்கு அது காட்டும் எதிர்ப்பு கிட்டத்தட்ட பாதியாகிவிடும். உருக்கு எவ்வளவு பலமானதானாலும் இது மாறாது. ஆக, பெருவிரல் அளப்பது தடிப்பைத்தான். பலத்தைப் பற்றி விரலுக்கு ஒன்றும் தெரியாது. உலகத்திலேயே பலமான உருக்கை மெல்லியதாக உருட்டிக் கொடுத்தாலும் அண்ணை பேணி என்றுதான் சொல்வார்.

அதற்கு மேல் இன்னொன்று: அவர் அழுத்தியது காரின் தோலை. எலும்பு உள்ளே இருக்கிறது. முன் கண்ணாடியின் இரு பக்கத் தூண்கள், முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையில் நிற்கும் நடுத்தூண், கதவுக்கடியில் நீளமாக ஓடும் வாசற்படிப் பெட்டி, கதவுத் தோலுக்குள் குறுக்கே கிடக்கும் ஒரு குழாய் அல்லது வளை. இவைதான் ஆளைக் காப்பவை. வெளித்தகடு அழகுக்கும் காற்றுக்கும் மழைக்கும்.

மோர்டென்ஸ்ருட்டில் இருப்பவர்களுக்கு இதை விளக்க நான் தூரம் போகத் தேவையில்லை. ரயில் நிலையத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், பைன் மரங்களுக்கு நடுவில் ஒரு தேவாலயம் நிற்கிறது. யென்சன், ஸ்கோட்வின் என்ற கட்டடக் கலைஞர்கள் வரைந்தது, 2002இல் திறந்தது. உள்ளே போனால் தட்டைக் கற்களைச் சாந்தே பூசாமல் அடுக்கிய பெருஞ்சுவர் தெரியும். கற்களின் இடுக்குகளால் வெளிச்சம் கசியும். நிலப்பாறையைக்கூட வெட்டாமல் தரையில் அப்படியே விட்டிருக்கிறார்கள். முதலில் பார்ப்பவர் கல்தான் கட்டடத்தைத் தாங்குகிறது என்று நினைப்பார். கொஞ்சம் நின்று பார்த்தால் அந்தக் கல்லையே உருக்குச் சட்டகம் ஏந்தி நிற்பது தெரியும். கனமாகத் தெரிவது ஒன்று, தாங்குவது இன்னொன்று.

சரி, தோலை விடுங்கள், எலும்பு மட்டும் என்ன பெரிதாக மாறிவிட்டது, இரும்பு இரும்புதானே என்று கேட்கலாம். முழுப் பிழையின் வேரும் அங்கேதான் இருக்கிறது.

அரிசிமா ஒன்றுதான். குழைத்து ஆவியில் வைத்தால் இடியப்பம், உதிர்த்து ஆவியில் வைத்தால் புட்டு, எண்ணெயில் விட்டால் முறுக்கு. இடியப்பத்தைக் கடித்துவிட்டு அரிசிமா மெத்தென்று இருக்கும் என்று யாரும் பொதுவிதி சொல்வதில்லை. உருக்கும் அப்படி. என்ன சேர்த்தார்கள் என்பது பாதிக் கதை. எவ்வளவு சூடாக்கி எவ்வளவு வேகமாகக் குளிர்வித்தார்கள் என்பது மீதி. அந்த மீதிதான் நுண்ணமைப்பு. ஒரு துண்டை மினுக்கி, அமிலத்தால் லேசாகத் தடவி நுண்காட்டியில் பார்த்தால் தெரியும் மணிகளின் உலகம்.

மெல்லுருக்கில் ஏறத்தாழ முழுதும் ஃபெரைட் மணிகள். மென்மையானவை, எளிதில் வழுக்கிக் கொடுப்பவை. இதே வகை உருக்கில் மாங்கனீசு, சிலிக்கன் கொஞ்சம் கூட்டி, பாதி ஃபெரைட்டாகவும் பாதி, சூட்டில் மட்டும் நிலைக்கும் ஆஸ்டினைட்டாகவும் இருக்கும் ஒரு வெப்பநிலையில் நிறுத்தி, பிறகு சட்டென்று குளிர்வித்தால் அந்த ஆஸ்டினைட் பகுதி மார்ட்டென்சைட்டாக இறுகிவிடும். மஸ்கற்றில் கஜுத் துண்டு கிடப்பதுபோல மென்மையான ஃபெரைட்டுக்குள் கடினமான மார்ட்டென்சைட் தீவுகள். இதை இருகட்ட உருக்கு என்கிறார்கள். 590, 780, 980 மெகாபாஸ்கல் என்று வகைகள் வரும். அதன் கெட்டித்தனம் வெறும் பலத்தில் இல்லை. அச்சில் அழுத்தும்போது ஆரம்பத்தில் இலகுவாக வளைந்து கொடுக்கும். வளைய வளைய வேகமாக இறுகும். பிறகு வர்ணம் காயவைக்கும் அடுப்பில், 170 பாகை அளவில் இருபது நிமிடம் இருந்து வரும்போது இன்னும் கொஞ்சம் இறுகியிருக்கும். விபத்தில் மோதி நசுங்கும்போதும் அதே குணம்: நசுங்கிக்கொண்டே இறுகும், இறுகும்போது மோதலின் ஆற்றலைக் குடிக்கும்.

இன்னொரு வகை இருக்கிறது. எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகப் பிடித்தது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் விக்டர் ஸாக்கேயும் கூட்டாளிகளும் 1967இல் விவரித்த விளைவு அது. அறை வெப்பநிலையில் இருக்கவே கூடாத ஆஸ்டினைட்டை, சிலிக்கனும் நிதானமான குளிர்விப்பும் கொண்டு ஏமாற்றி, சிறு திட்டுகளாக மிச்சம் வைத்துவிடுவது. அது அமைதியாகக் கிடக்கும். எந்த இடத்தில் தகடு அதிகமாக இழுபடுகிறதோ அந்த இடத்தில் மட்டும் அது மார்ட்டென்சைட்டாக மாறும். கிழியப்போகும் இடம் தன்னைத் தானே பலப்படுத்திக்கொள்ளும். இழுப்பு பக்கத்துக்குப் பரவும். இதைத் தகரம் என்று சொல்வதற்கு ஒருவருக்குத் துணிவு வேண்டும்.

நடுத்தூணில் இருப்பதோ வேறு. அதன் ஊர் எங்கள் பக்கத்து நாடு. சுவீடனில் பிளான்யா என்ற கொம்பனி, ரம்ப அலகும் புல்வெட்டி அலகும் செய்வதற்காக ஒரு முறையை 1977இல் காப்புரிமை செய்தது. உருக்குத் தகட்டை 900 பாகைக்கு மேல் சிவக்கச் சூடாக்கி, அந்தச் சூட்டோடே அச்சில் அழுத்தி, அச்சுக்குள்ளேயே குளிர்வித்துவிடுவது. அச்சின் உள்ளே தண்ணீர் ஓடும். விநாடிக்குச் சுமார் 27 பாகைக்குக் குறையாமல் சூடு இறங்க வேண்டும். அப்படி இறங்கினால் தகடு முழுக்க மார்ட்டென்சைட். சிவந்திருந்தபோது மாவாக வளைந்தது, வெளியே வரும்போது 1,500 மெகாபாஸ்கல். ஏ40இன் உருக்கைப்போல ஐந்து மடங்கு. இந்த வித்தையைச் சாத்தியமாக்குவது போரோன்: ஒரு தொன் உருக்கில் ஏறத்தாழ 30 கிராம், ஒரு கைப்பிடி உப்பளவு. அது ஆஸ்டினைட் மணிகளின் எல்லைகளில் போய் உட்கார்ந்து, ஃபெரைட் முளைப்பதைத் தடுத்து, மார்ட்டென்சைட்டுக்கு அவகாசம் வாங்கிக் கொடுக்கிறது. 1984இல் சாப் கொம்பனி தன் 9000 வகைக் காரின் கதவுகளுக்குள் பக்கவாட்டு வளையாக இதை முதன்முதலில் வைத்தது. புல்வெட்டியில் இருந்து கதவுக்கு வந்த பயணம் ஏழு வருடம்.

ஒரு சின்ன விலகல். மார்ட்டென்சைட் என்ற பெயர் ஜெர்மன் உலோகவியலாளர் அடொல்ஃப் மார்ட்டென்சின் நினைவாக வந்தது. மோர்டென்ஸ்ருட் என்றால் மோர்டென் காடு வெட்டிய இடம். ‘ருட்’ என்பது காட்டில் திருத்திய நிலம். மார்ட்டென், மோர்டென் இரண்டும் மார்ட்டின் என்ற ஒரே பெயரின் வடக்கத்திய உருவங்கள். எங்கள் ஊர்ப் பெயரைத் தூணில் சுமந்துகொண்டு வந்த காரைத்தான் அன்று பேணி என்று திருப்பி அனுப்பினோம்.

முன்னோர் பெருமை பேசுகிறவர்கள் இந்த இடத்தில், பண்டைக் காலத்தில் உருக்குச் செய்த கொடுமணலையும் ‘உருக்கு’ என்ற சொல்லில் இருந்து வந்ததாகச் சொல்லப்படும் ஊட்ஸ் உருக்கையும் கொண்டு வருவார்கள். பெருமை நியாயம்தான், ஃபரடேயே 1820 அளவில் அதைப் பிரித்துப் பார்க்க மினக்கெட்டார். ஆனால் அதில் கரி ஒன்று முதல் ஒன்றரைச் சதவீதம். வாளுக்கு அமிர்தம். காருக்கு உதவாது. கார் உடல் ஆயிரக்கணக்கான புள்ளி வெல்டுகளால் ஒட்டப்படுவது; கரி கூடினால் வெல்டு பட்ட இடம் கண்ணாடியாக உடையும். நான் மேலே சொன்ன உருக்குகளில் கரி பெரும்பாலும் 0.1 முதல் 0.25 சதவீதம்தான். அவ்வளவு குறைந்த கரியை வைத்துக்கொண்டு அந்தப் பலத்தை எடுத்ததுதான் சாதனை.

இப்போது மோதலுக்கு வருவோம். மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் சுவரில் மோதுகிறது. முன்பகுதி 60 சென்ரிமீட்டர் நசுங்கி நின்றால், உள்ளே இருக்கைப்பட்டி கட்டியிருப்பவர் உணரும் சராசரி வேகத்தளர்வு புவியீர்ப்பின் 27 மடங்கு. விலா நோகும், உயிர் இருக்கும். அதே கார் நெளியாத ‘நல்ல இரும்பாக’ இருந்து 10 சென்ரிமீட்டரில் நின்றால் 160 மடங்கு. முன்பகுதி நசுங்கியது கார் தோற்றதற்கு அடையாளம் என்று ஊர் சொல்கிறது. நசுங்கும்படி அதை வரைந்திருக்கிறார்கள். மெர்சிடிசில் இருந்த பேலா பாரேனி ஐம்பதுகளின் தொடக்கத்திலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்: முன்னும் பின்னும் மென்மை, நடுவில் கடினம். பிரச்சினை என்னவென்றால், அப்போது கையில் இருந்தது ஒரே வகை மெல்லுருக்கு. நடுக்கூட்டைக் கடினமாக்க வேண்டுமானால் தடிப்பைக் கூட்ட வேண்டும், எடை ஏறிவிடும். அவர் வரைந்ததை முழுமையாகச் செய்ய விட்டது பிறகு வந்த நுண்ணமைப்புகள். இன்று ஒரே நடுத்தூணின் மேற்பகுதியைக் கடினமாகவும், கீழ்ப்பகுதியை அச்சின் அந்தப் பக்கத்தை மட்டும் சூடாக வைத்து மென்மையாகவும் செய்கிறார்கள். பக்கத்தால் ஒருவன் வந்து இடித்தால் தூண் இடுப்பளவில் உள்ளே போகும். நெஞ்சுக்கும் தலைக்கும் நேரே நிற்கும். இதையா விரலால் கண்டுபிடிக்கப் போகிறோம்?

வாதம் வேண்டாம், மோதிக் காட்டு என்பவர்களுக்காக ஒருமுறை உண்மையிலேயே மோதிக் காட்டினார்கள். 2009இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிறுவனம், தன் ஐம்பதாவது ஆண்டை ஒட்டி, 1959ஆம் வருட ஷெவர்லே பெல் ஏரையும் 2009ஆம் வருட ஷெவர்லே மாலிபுவையும் நேருக்கு நேர், ஒரு பக்கம் விலக்கி, இரண்டையும் 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டது. பெல் ஏரின் பயணி அறை குலைந்தது. ஓட்டுநர் பொம்மை பிழைத்திருக்க முடியாத நிலை. மாலிபுவின் பொம்மைக்குக் காலில் காயம். படம் வெளியானதும் பழைய காரில் எஞ்சினையே எடுத்துவிட்டுத்தான் மோதினார்கள் என்று கிளப்பிவிட்டார்கள். எஞ்சின் இருந்தது. அதன் சட்டகம் எக்ஸ் வடிவம், பலவீனமானது என்றும் சொன்னார்கள். அது உண்மை. ஆனால் அதைச் சொல்கிறவர் என் பக்கம் வந்துவிட்டார் என்று அர்த்தம்: தடித்த தகடு போதாது, உள்ளே எது எப்படி நிற்கிறது என்பதே கணக்கு.

இந்தியாவுக்குப் போனாலும் அதே பாடம். 2016இல் குளோபல் என்கேப் அமைப்பு மோதிப் பார்த்தவற்றில் மகிந்திரா ஸ்கார்பியோவும் ஒன்று. ஒன்றரைத் தொன்னுக்கு மேல் எடை, உயரம், அதட்டலான முகம், தட்டினால் கனத்த சத்தம். காற்றுப்பை இல்லாத அந்த வகைக்குக் கிடைத்தது பூச்சிய நட்சத்திரம். 2022இல் விதிகளை இன்னும் இறுக்கினார்கள். இறுகிய விதியில் 2024இல் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது, ஊரே தகர டப்பா என்று நையாண்டி செய்யும் மாருதியின் டிசயர். எடை ஒரு தொன்னை ஒட்டி. அதே மகிந்திராவின் புதிய ஸ்கார்பியோ-என் 2022இல் ஐந்து வாங்கியதையும் சொல்லிவிட வேண்டும். கனமான கார் கெட்டது என்று நான் சொல்லவில்லை. எடையைப் பார்த்து இரண்டில் எதையும் ஊகித்திருக்க முடியாது என்கிறேன்.

தகரப் பேணிக் கட்சிக்கு என்னிடம் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. இவை தகரம் என்றால், விபத்தில் சிக்கியவரை எடுக்க வரும் தீயணைப்புப் படையினரின் ஹைட்ரோலிக் வெட்டிகள் புதுக் கார்களின் தூண்களில் ஏன் திணறின? போரோன் உருக்கு பரவலானபோது பழைய வெட்டிகளால் அதை வெட்ட முடியாமல், உலகெங்கும் படைகள் புதுக் கருவிக்கு மாற வேண்டியதாயிற்று. எந்தக் காரில் எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக்கூடாது என்று உற்பத்தியாளர்கள் இப்போது படம் போட்டுக் கொடுக்கிறார்கள். நார்வேயில் இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு வழியும் இருக்கிறது: நொறுங்கிய காரை இரண்டு சங்கிலிகளால் முன்னும் பின்னுமாக இழுத்து, மோதலையே பின்னோக்கி ஓடவிடுவதுபோல விரித்து, ஆளை எடுப்பது. நார்வேச் சங்கிலி முறை என்றே அதற்குப் பெயர்.

எதிர்க்கட்சியின் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதைத் தாண்டிப் போனால் நான் நேர்மையற்றவன். இரண்டு கார் மோதினால் கனமானது ஜெயிக்கும். ஒரு தொன் காரும் இரண்டு தொன் காரும் தலா 50 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொண்டால், சின்னக் காருக்கு ஏற்படும் வேக மாற்றம் 67 கிலோமீட்டர், பெரியதுக்கு 33. இதை எந்த நுண்ணமைப்பாலும் அழிக்க முடியாது. ஆனால் இந்தப் பாதுகாப்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். எதிரே வருபவரிடமிருந்து பறித்தது. நம் தெருவில் எதிரே வருபவர் பெரும்பாலும் நம்மவர்தான். நார்வேயில் 2024இல் விற்ற புதுக் கார்களில் 88.9 சதவீதம் மின்கலக் கார்கள். அந்த வருடமும் அதற்கு முந்தைய இரு வருடங்களும் அதிகம் விற்ற டெஸ்லா மாடல் ஒய் சுமார் இரண்டு தொன். எடை எல்லாருக்கும் ஏறிவிட்டால் எடையால் யாருக்கும் லாபமில்லை. 2023இல் அரசு மின்சாரக் கார்களுக்கும் எடைவரியைக் கொண்டுவந்தது: முதல் 500 கிலோவுக்கு மேல் கிலோவுக்கு 12.50 குரோனர். இரண்டு தொன் கார் என்றால் அப்போது 18,750 குரோனர். அதே பலத்தைக் குறைந்த கிலோவில் தரும் உருக்கைப் பேணி என்று ஒதுக்குகிறவர் அந்தக் காசையும் சேர்த்துத்தான் ஒதுக்குகிறார்.

இன்னொன்று. ஒஸ்ட்மார்க்கா காடு மோர்டென்ஸ்ருட்டின் கொல்லைப்புறம். மூஸ் மான் தெருவுக்கு வரும் நாடு இது. அதன் கால்கள் நீளம். கார் பம்பர் காலை வாரும், நானூறு ஐந்நூறு கிலோ உடல் பானட்டைத் தாண்டி நேரே முன் கண்ணாடியில் வரும். அங்கே எடையும் உதவாது, கதவின் சத்தமும் உதவாது. முன் தூண்கள் இரண்டும் கூரை விளிம்பும் நிற்க வேண்டும். அந்தத் தூணை மெல்லுருக்கில் அவ்வளவு பலமாகச் செய்தால் அது தடித்து, சந்தியில் கடக்கும் ஒரு குழந்தையை மறைத்துவிடும்.

நார்வேயில் தெரு விபத்தில் இறந்தவர்கள் 1970இல் 560 பேர். 2020இல் 93. இதை உருக்கின் கணக்கில் மட்டும் எழுத மாட்டேன்; இருக்கைப்பட்டி, வேகக் கட்டுப்பாடு, தெருவின் நடுவேலி, மருத்துவம் எல்லாவற்றுக்கும் பங்குண்டு. பட்டிக்குத்தான் முதல் மாலை. ஆனால் கார்கள் தகரமாகிக்கொண்டே வந்தன என்பவர் இந்த எண்ணை எங்கே வைத்துப் பார்க்கிறார் என்று தெரியவில்லை.

புது உருக்குகளுக்குக் குறையே இல்லையா? உண்டு. இருகட்ட உருக்கில் மென்மைக்கும் கடினத்துக்கும் இடையிலான எல்லையில்தான் வெடிப்பு தொடங்கும். வெட்டிய விளிம்பை நீட்டினால் கிழியும். பலம் கூடக் கூட நீட்சி குறையும். 1,000 மெகாபாஸ்கலைத் தாண்டினால் துளி ஐதரசன் புகுந்தாலும் நாள் கழித்துச் சத்தமில்லாமல் வெடிக்கக்கூடும். மெல்லிய தகட்டில் துரு தின்னும் பங்கு பெரிது. தெருவுக்கு உப்புப் போடும் நாட்டில் துத்தநாகப் பூச்சை நம்பித்தான் இருக்கிறோம். இவையெல்லாம் பேச வேண்டியவை.

ஆனால் ஆளைக் கொல்லக்கூடிய குறை வேறு. அது உருக்கில் இல்லை, உருக்கைப் பற்றி நாங்கள் வைத்திருக்கும் அதே எண்ணத்தில் இருக்கிறது. இரும்பு இரும்புதான் என்று நம்புகிறவர், நெளிந்த நடுத்தூணையும் காஸ் விளக்கால் சூடாக்கி அடித்து நிமிர்த்தலாம் என்று நம்புவார். ஊரில் ஏ40க்குச் செய்ததுதானே. தூண் நிமிர்ந்துவிடும், பட்டி பூசி வர்ணம் அடித்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் விளக்குப் பட்ட இடத்தில் மார்ட்டென்சைட் சிதைந்து கரி வெளியேறிவிட்டது. செங்கனலாகி மெல்ல ஆறியிருந்தால் 1,500 என்பது 600க்கு இறங்கியிருக்கும். தடிப்போ ஏ40க்குக் கொடுத்த தடிப்பு இல்லை. 1,500ஐ நம்பி மெல்லியதாக்கிய தடிப்பு. இப்போதுதான் அது உண்மையான தகரப் பேணி. போரோன் தூணைச் சூடாக்கக்கூடாது, நிமிர்த்தக்கூடாது, முழுதாக மாற்ற வேண்டும் என்பது உற்பத்தியாளர்களின் பொது விதி. மலிவுக்குத் திருத்துகிற கராஜ்களுக்கு, யாழ்ப்பாணமானாலும் சென்னையானாலும் இங்கானாலும், அந்த விதி ஒரு தொந்தரவு.

எனக்கே இது நடந்தது, அதனால் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் நான் வாங்கிய ஒரு பாவித்த காரில், கதவு ரப்பர் கழன்று தொங்கிய ஒரு நாள்தான் நடுத்தூணின் அடியைப் பார்த்தேன். தொழிற்சாலைப் புள்ளி வெல்டுகள் ஒரே அளவில், ஒரே இடைவெளியில், சின்னக் குழிகளாக வரிசையாக இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் அரைத்த தடமும் ஒழுங்கற்ற வெல்டுக் கோடும் அதன் மேல் தடித்த வர்ணமும் இருந்தன. வாங்கும்போது நானும் அந்தக் காரின் கதவைத் தட்டித்தான் பார்த்திருந்தேன். நல்ல கனமான சத்தம். உள்ளே பட்டி.

சென்டர் சிட் பக்கம் அன்று நின்ற கார் அடுத்த வாரம் வேறு யாருக்கோ போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். அது விபத்துப் பட்ட காரா, படாத காரா என்று எனக்குத் தெரியாது. அரை மணித்தியாலம் அதைச் சுற்றி நின்ற நாலு பேரில், நான் உட்பட, ஒருவர்கூடக் கதவைத் திறந்து ரப்பரை விலக்கிப் பார்க்கவில்லை.